கால்வாசி அயோடினும் ஒரு வளையலும்

நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு நான் பத்தொன்பது வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மலாக்கா பக்கம் பெம்பானில் ஒரு கடைவீட்டின் மாடியில் டியூஷன் வகுப்பு. கீழே மோட்டார் பட்டறை. அணுவின் அமைப்பு என்று நான் ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் கீழே யாராவது சைலன்சர் இல்லாத மோட்டாரை முறுக்கிப் பார்ப்பார்கள். புரோட்டான், நியூட்ரான், எலெக்ட்ரான் மூன்றையும் இத்தனை வருடமாகக் கத்தித்தான் அறிமுகப்படுத்தி வருகிறேன்.

அந்தப் பாடத்தின் கடைசியில் ஐசோடோப்புகளின் பயன்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். கார்பன்-14, பழைய எலும்புகளின் வயதைக் கண்டுபிடிக்க. கோபால்ட்-60, புற்றுநோய்க்கு. அயோடின்-131, தைராய்டுக் கோளாற்றுக்கு. மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரி ஒருநாள் என் கழுத்துக்குள் வந்து உட்காரும் என்று பாடநூலில் ஒரு சின்னக் குறிப்பாவது போட்டிருக்கலாம்.

எனக்குத் தைராய்டு அளவுக்கு மீறி உழைத்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாமலே உழைத்த ஒரே உறுப்பு அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று ஓடும். கை நடுங்கும், வெண்பலகையில் நான் போடும் எலெக்ட்ரான் வட்டங்கள் முறுக்கு மாதிரி வரும். மூன்று ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனது. உறவுக்காரப் பெண்கள் என்ன டயட் என்று ரகசியமாகக் கேட்டார்கள். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தும் அடங்கவில்லை. அயோடின்-131 கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கோலாலம்பூர் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு தேதி கிடைத்தது. அதை விட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

அந்தத் தேதி வந்த வாரத்தில்தான் மெர்லிமாவிலிருக்கும் என் தங்கைக்கு வளைகாப்பு நாளும் குறித்தார்கள். நான் அயோடின் விழுங்கும் நாளிலிருந்து சரியாக ஒன்பதாம் நாள்.

வளைகாப்பில் எனக்கென்று ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு முதலில் சந்தனம் பூசி வளையல் போடுகிறவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெறாதவள் நீ, போடாதே என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அந்த அளவுக்கு நாங்கள் நாகரிகமான குடும்பம். அதற்குப் பதிலாகக் கேமராவைக் கையில் கொடுப்பார்கள். "நீ எடுத்தாத்தான் போட்டோ நல்லா வரும்லா" என்பார்கள். பதினான்கு வருடத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த அத்தனை வளைகாப்புப் படங்களிலும் நான் இல்லை. அத்தனையையும் எடுத்தவள் நான். படங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன.

இதையெல்லாம் நடத்துகிறவர் அத்தை, என் அப்பாவின் அக்கா. எழுபது வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பட்டையைக் கீறிப் பால் மரம் வெட்டியவர். இப்போது சிம்பாங் அம்பாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். மரம் வெட்டும்போது எந்த மரத்துக்கு எந்த நாள் என்று வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தோட்டத்தை விட்டு வந்த பிறகு சொந்தக்காரர்கள் மேல் வைத்துக்கொண்டார். என் அம்மா இறந்தபோது தங்கைக்குப் பதினொரு வயது, எனக்குப் பதினெட்டு. அன்று முதல் எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் அத்தை வாயைத் திறக்காமல் நடந்ததில்லை.

தங்கைக்கும் எட்டு வருடம் கழித்துத்தான் தங்கியது. ஐந்தாம் மாதத்திலேயே அத்தையிடம் அவள் சொல்லிவிட்டாள்: "எனக்கு மொத வளையல அக்காதான் போடணும். இல்லாட்டி எனக்கு வளைகாப்பே வேணாம்."

"பாக்கலாம்" என்றார் அத்தை. அத்தையின் அகராதியில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். ஆனால் தங்கையின் பிடிவாதம் எனக்குத் தெரியும். அவளுக்குத் தலைவாரி வளர்த்தவள் நான். நடக்கும் என்றே நம்பினேன். அந்த முதல் வளையலைப் போட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை அதுவரை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. மெர்லிமாவ் பாசாரில் வளையல் கடையைத் தாண்டும்போதெல்லாம் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். நாற்பத்துமூன்று வயதுப் பெண்மணி, அணுக்கரு பற்றியெல்லாம் பேசுகிறவள், பச்சையா சிவப்பா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே அத்தைக்குப் போன் செய்தேன். செய்யாமலே இருந்திருக்கலாம்.

"அத்த, எனக்கு ஆஸ்பத்திரியில தேதி குடுத்துட்டாங்க. மருந்துல கதிரியக்கம் இருக்கு. அத முழுங்கிட்டு மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகக்கூடாது. வளைகாப்ப கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

"தள்ளி வைக்கறதுன்னா லேசாம்மா? ஏழாம் மாசத்துக்குள்ள முடிக்கணும். எட்டுல செய்யக்கூடாது. ஒம்போது வரைக்கும் இவளுக்கு இருக்கற பிரஷருக்கு நான் காத்திருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எத்தன நாளைக்கு இருக்கும் அது?"

சாதாரண மனுஷியாக இருந்தால் நாலு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பாள். நான் ஆசிரியை. பத்தொன்பது வருடமாகக் கீழ்ப் பட்டறையோடு போட்டி போட்டுக் கத்தியவளுக்கு ஓர் ஆள் அமைதியாகக் கேள்வி கேட்டால் விடுவேனா?

அணுவிலிருந்து தொடங்கினேன். அயோடின் அணு எதுவானாலும் அதன் கருவில் ஐம்பத்துமூன்று புரோட்டான். அது அதனுடைய அடையாள அட்டை எண் மாதிரி, மாறாது. நியூட்ரான் மட்டும் கூடலாம், குறையலாம். கடல் உப்பிலும் கருவாட்டிலும் இருக்கிற சாதாரண அயோடினுக்கு நியூட்ரான் எழுபத்துநான்கு; கூட்டினால் நூற்று இருபத்தேழு. எனக்குக் கொடுக்கப்போவதில் எழுபத்தெட்டு. கூட்டினால் நூற்று முப்பத்தொன்று. ஒரே தனிமம், எடை மட்டும் வேறு. அதுதான் ஐசோடோப்பு. வெளியே இருக்கும் எலெக்ட்ரான்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி. வேதியியலில் எல்லா உறவும் எலெக்ட்ரானைப் பார்த்துத்தான் நடக்கிறது. உள்ளே நியூட்ரான் எத்தனை என்று தைராய்டு எண்ணிப் பார்ப்பதில்லை. அயோடினா, வா, உட்கார் என்று சேர்த்துக்கொள்ளும்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த நான்கு கூடுதல் நியூட்ரான்கள் வேலையைக் காட்டும். கரு நிலைகொள்ளாது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை வெளியே உதைத்துத் தள்ளும். அதுதான் பீட்டாக் கதிர். இரண்டு மில்லிமீட்டர் போவதற்குள் பக்கத்திலிருக்கும் தைராய்டுச் செல்களைப் பொசுக்கிவிடும். புரோட்டான் ஐம்பத்துநான்கு ஆகிவிட்டதால் அது இனிமேல் அயோடினும் இல்லை, செனான். யாரோடும் சேராத, யாரோடும் வம்புக்குப் போகாத மந்த வாயு. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர்கூட இல்லாததால் அத்தைக்கு உதாரணம் சொல்ல முடியவில்லை. கூடவே காமாக் கதிரும் கிளம்பும். அது கழுத்தோடு நிற்காமல் எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடம்புவரை போகும், அதனால்தான் தூரம்.

அத்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இப்ப நாள் கணக்குக்கு வரேன் அத்த. இதுக்கு அரை ஆயுள்னு ஒன்னு இருக்கு. எட்டு நாள். எட்டு நாள்ல பாதி போயிடும். அடுத்த எட்டு நாள்ல மிச்சம் இருக்கற பாதியில பாதி போகும். ஆக, பதினாறு நாள்ல பாத்தீங்கன்னா..."

"பதினாறா?"

"ஆமா, பதினாறு நாள்ல..."

"புரிஞ்சிடுச்சிலா. இதுக்கு மேல நீ சொல்லவே வேணாம்."

அரை ஆயுளை இத்தனை வேகமாகப் புரிந்துகொண்ட மாணவரை நான் பார்த்ததே இல்லை. அன்று முழுவதும் பெருமையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் வேறு சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். அத்தை தேதியை மாற்றிவிட்டாராம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாளுக்கு. ஏழாம் மாதத்தில் அதுதான் கடைசி நல்ல நாளாம். எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தது நான்கு வாரம்: கர்ப்பிணிகளிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் இரண்டு மீட்டருக்கு அப்பால். அதாவது இருபத்தெட்டு நாள். எனக்கு விடுதலை கிடைக்கப் பத்து நாள் இருக்கும்போது வளைகாப்பு. தள்ளியும் வைத்தாயிற்று, நான் வரவும் முடியாது. அத்தையின் கைத்திறனை மனதாரப் பாராட்டினேன்.

"அக்கா, நான் போயி அத்தைகிட்ட கேக்கட்டா?"

"ஒன்னும் கேக்காத. அவங்ககிட்ட என் பேரயே எடுக்காத."

என் கோபத்துக்கு எப்போதும் இப்படி ஒரு பழக்கம்: கேட்டால் தீர்ந்துவிடக்கூடிய விஷயத்தைக் கேட்கவிடாது. பதினான்கு வருடம் காரணமில்லாமல் என்னை இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வைத்தவர்களுக்கு, இப்போது அறிவியலே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் கையெழுத்தோடு, முத்திரையோடு.

மாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அயோடின் பத்தியம். தைராய்டைப் பட்டினி போட்டால்தான் கொடுப்பதை ஆவலாக விழுங்குமாம். கடல் மீன், நெத்திலி, கருவாடு, இறால் புளிக்கவைத்துச் செய்யும் பிளாச்சான், அயோடின் உப்பு எதுவும் கூடாது. மலாக்காவில் இருந்துகொண்டு பிளாச்சான் இல்லாமல் இரண்டு வாரம் இருப்பதற்குப் பதில் நேராகக் கதிரியக்கத்தையே அனுபவித்துவிடலாம்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு தாதி கையுறை போட்டுக்கொண்டு கனமான ஈயக் குப்பியைக் கொண்டுவந்தார். அதைத் திறந்து, உள்ளே மாத்திரை இருந்த குழாயைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து நீட்டினார். "முழுங்குங்க, ஒன்னும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு ஒரு தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒன்றும் பண்ணாது என்பதை நான் அப்போது முழுமையாக நம்பினேன். திரும்பி வரும்போது காரில் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின் இருக்கையில் அவருக்குக் குறுக்கே இடது மூலையில். கார் அனுமதித்த அதிகபட்சத் தூரம் அது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து அவர் எனக்கு டிரைவர் மாதிரி ஆகிவிட்டார். வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வீட்டில் தனி அறை, தனித் தட்டு, தனித் துண்டு. கழிப்பறையில் மூடியைப் போட்டு இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். வகுப்பை வீடியோ காலில் நடத்தினேன். நல்ல வேளையாக அது அணுப் பாடத்துக்கான மாதம். என்னையே கேள்வித்தாளாக்கினேன்: டீச்சரின் கழுத்தில் முதல் நாள் நூறு பங்கு அயோடின்-131, எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், வரைபடம் வரைக. சிறுநீரில் கழிந்துபோவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கீழே குறிப்பும் கொடுத்தேன். மரியாதை முக்கியம். ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை, ஆறேகால் என்று எல்லாரும் அழகாக வளைத்து இறக்கினார்கள். ஒரு மாணவி மட்டும் கோட்டைத் தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போய், "டீச்சர், இது கீழ போயி தொடவே மாட்டேங்குது. அப்ப எப்பதான் முடியும்?" என்று கேட்டாள்.

"முழுசா முடியாது. ஆபத்து இல்லாத அளவுக்குக் கொறையும். அத டாக்டருங்க கணக்குப் போட்டு நாள் சொல்வாங்க" என்றேன்.

பதினாறாம் நாள் காலையில் வீட்டுக்காரர் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் வாசலிலிருந்து என் அறைக் கதவு வரை தெளித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது?"

"ஒங்க அத்த போன் பண்ணி செய்ய சொன்னாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா விடுவாங்களா?"

சாவு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தெளிப்பது போலவே இருந்தது. எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. என்னை வளைகாப்புக்கு வரவிடாமல் செய்தது போதாதென்று உயிரோடு கருமாதியும் செய்துவிட்டாரே என்று கத்தினேன். காமாக் கதிரை நிறுத்த ஈயச் சுவர் வேண்டும்; மஞ்சள் போதும் என்று யார் சொன்னது? வீட்டுக்காரர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டார். அந்த ஒரு தடவை விதி அவருக்கு உதவியது.

பதினெட்டாம் நாள் காலை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம் என்று தங்கை முன்னமே சொல்லியிருந்தாள். நினைக்கக் கூடாது என்று முடிவு செய்து, துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன். ஒன்பதே காலுக்குப் போன் அடித்தது. அத்தை.

"எங்கம்மா இருக்க? எல்லாரும் வந்தாச்சி. பந்தல்ல ஒந்தங்கச்சிய ஒக்கார வச்சிட்டு ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"என்னையா?"

"பின்ன யார? மொத வளையல் நீதானே போடணும். அதுக்குத்தானே நாள மாத்தி வச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை போன் பேசும்போது எப்போதும் சண்டை போடுகிற தொனிதான். அதே தொனியில் சொன்னார்: "நீதானேம்மா சொன்ன, பதினாறு நாளுன்னு. சாவுத் தீட்டும் பதினாறு, இதுவும் பதினாறு. எனக்குத் தெரியாத கணக்கா? அதான் பதினாறு கழிச்சி, மேல ரெண்டு நாள் விட்டு, பதினெட்டுல வச்சேன். முந்தாநேத்து மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னேனே, தெளிச்சாரா இல்லையா?"

கையிலிருந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தேன். அத்தைக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அணுவையும் ஐசோடோப்பையும் பீட்டாவையும் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டார். அந்த எண்ணை அவர் கையில் கொடுத்தவள் நான். 'நாலு வாரம்' என்ற இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். நான் பாடம் நடத்தினேன்.

"அத்த... நான் புள்ள பெக்காதவ. நான் போடலாமா?"

கேட்க நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. மறுமுனையில் நாதஸ்வர ரெக்கார்டுக்கு மேலே அத்தை குரலை உயர்த்தினார்.

"ஒங்கம்மா இருந்தா அவ போட்டிருப்பா. அவ இல்ல. இவள வளத்தது யாரு, நானா? பதினாலு வருசமா ஒங்கைல கேமராவக் குடுத்தப்பல்லாம் நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டது எனக்குத் தெரியாதாக்கும்? பேசிக்கிட்டே இருக்காத. பெம்பான்லேர்ந்து அரை மணி நேரம். பட்டுச் சேலைய கட்டிக்கிட்டு வா."

பதினான்கு வருடமாக நான் கேட்க நினைத்த அழைப்பு. வாசலில் கார் நிற்கிறது. வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. "போலாம்லா. கொஞ்சம்தானே மிச்சம் இருக்கும்? அஞ்சு நிமிசம், போட்டுட்டு வந்துடு" என்றார்.

மிச்சம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். பதினெட்டாம் நாள், நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. என் மாணவி போட்ட வரைபடத்திலேயே விரல் வைத்துச் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றுகூடத் தோன்றியது. ஆனால் வளையல் போடுவதென்றால் கையைப் பிடிக்க வேண்டும். சந்தனம் பூசக் குனிய வேண்டும். என் கழுத்துக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. எட்டு வருடம் காத்திருந்த வயிறு. அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரிலும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை நம்புகிறவள் நான் ஒருத்திதான். நம்புவதற்கு அதைவிட மோசமான நாள் கிடைத்திருக்காது.

"முடியாது அத்த. இன்னும் கால்வாசி இருக்கு."

"என்னாது கால்வாசி? தீட்டுன்னா இருக்கும், இல்லாட்டி இல்ல. அதென்ன கால் தீட்டு?"

"இது தீட்டு இல்ல அத்த. பதினாறு நாள்ல முடியாது. பாதியில பாதிதான் கொறையும். நான்தான் ஒங்களுக்கு சரியா சொல்லல. இன்னும் பத்து நாள் இருக்கு. நான் வந்தா புள்ளைக்கு ஆகாது."

புள்ளைக்கு ஆகாது. பதினான்கு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் சொல்லிக்கொண்ட வார்த்தை. என் வாயாலேயே சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் போனிலேயே அழுதேன். அழுது முடிக்கும் வரை அத்தை போனை வைக்கவில்லை.

பிறகு, "சரி. பத்து நாளுன்னா பத்து நாளு. கண்ணத் தொடச்சிக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று வளைகாப்பு நடந்தது. மத்தியானம் தங்கை வீடியோ காலில் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். யாரோ கேமராவைப் பிடித்திருந்தார்கள்; அனுப்பிய படங்களில் பாதி ஆடியிருந்தது, மீதியில் தலை வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

"அக்கா, எண்ணிப் பாரு" என்றாள் தங்கை. "வலது கையில இருபத்தொன்னு. இடது கையில இருபது."

வளையலை எப்போதும் ஒற்றைப்படையில்தான் போடுவார்கள். இரட்டைப்படையில் விட்டால் ஆகாது என்று எண்ணி எண்ணிச் சரிபார்க்கிறவரே அத்தைதான்.

"அத்ததான் நிறுத்துனாங்க. இருபது வந்ததும் போதும்னுட்டாங்க. எல்லாரும் கேட்டாங்க. இன்னும் முடியல, ஒரு ஆளு வரணும், அது வரைக்கும் எதையும் கழட்டாதன்னு சொல்லிட்டாங்க."

அடுத்த பத்து நாளில் அவள் இடது கையில் நான்கு வளையல் உடைந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை சிம்பாங் அம்பாட்டிலிருந்து போன் போட்டு, புது வளையல் போட்டு இருபதாக்கச் சொன்னாராம். இருபத்தொன்று ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டது யுரேனியத்தைக் காவல் காப்பது போன்ற வேலை என்று தங்கை சொன்னாள்.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் இருவரும் பெம்பானுக்கு வந்தார்கள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசல்படி ஏறினாள். பின்னால் அத்தை, ஒரு பிளாஸ்டிக் பையில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு பச்சை வளையலும் வைத்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் பழக்கத்தில் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன்.

"இப்ப எவ்ளோ இருக்கு?" என்று கேட்டார் அத்தை, வீட்டுக்குள் கால் வைக்காமல்.

"பத்துல ஒரு பங்குகூட இல்ல அத்த. கிட்ட வரலாம்னு டாக்டர் சொன்ன நாளு தாண்டிடுச்சி."

"முழுசா போவாதா?"

"முழுசா போவாது. கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது" என்று சொல்லி உள்ளே வந்தார்.

"அத்த, இது எட்டாம் மாசமாச்சே" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியாது.

"ஏழுல ஆரம்பிச்சது. இன்னும் முடியல. அப்ப இது ஏழாம் மாசம்தான். ஒனக்கு மட்டும்தான் கணக்குத் தெரியுமா?"

தங்கையை நாற்காலியில் உட்கார வைத்தோம். சந்தனம் பூசினேன். வளையலை எடுத்தபோதுதான் என் கை நடுங்குவதைப் பார்த்தேன். அந்த மருந்து வேலையைக் காட்டி முடிக்க மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்; தைராய்டு இன்னும் அடங்கியிருக்கவில்லை. பயம் வேறு சேர்ந்துகொண்டது. கண்ணாடி வளையல் பெருவிரல் முட்டியில் மாட்டிக்கொண்டு நின்றது. இப்போது இது உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தொன்பது நாள் காத்திருந்து இதை நானே உடைத்துவிடப் போகிறேன் என்று நினைத்துக் கையை எடுக்கப் பார்த்தேன்.

அத்தை குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பால் மரத்தில் முப்பது வருடம் கத்தி பிடித்த கை. சொரசொரவென்று இருந்தது, துளிகூட ஆடவில்லை. "அவசரமில்ல. மெதுவா தள்ளு" என்றார். என் கை அவர் பிடியில் நின்றது. வளையல் முட்டியைத் தாண்டி உள்ளே இறங்கி மற்ற இருபதோடு போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கோப்பி வாங்கப் போயிருந்தார். அதனால் இதைப் படம் எடுக்க ஆளில்லை. எங்கள் வீட்டில் வழக்கமாகப் படம் எடுப்பவள் அன்றைக்கு வேறு வேலையாக இருந்தாள்.